சவுரியப்பனைக் குதிரையேற்றுதல்

1.

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. என்ன வெட்கம் என்று இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள். படித்தாலும் ஊரில் சொல்லிவிடுவீர்கள். அதனால் சவுரியப்பன் என்று ஒருவரைப் பிடித்து வந்திருக்கிறேன். மொரப்பூர்ப் பக்கத்து விவசாயி, வயது ஐம்பத்தொன்று. ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் பங்கின் இளையோர் குழுவை உட்காரவைத்து, தைரியத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுபவர்.

முதல் தொடக்கம்: அதியமான்கோட்டையின் செம்மண்ணில் இளங்கதிர்கள் தம் பொற்

(வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

இரண்டாவது: பன்னிரண்டு பிள்ளைகளோடு சவுரியப்பன் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

(இது போதும்.)

2.

அதியமான்கோட்டைக்கு அருகே ஐஸ்வர்யா என்ற பெண் இரண்டு குதிரைகளை வைத்துக்கொண்டு குதிரைப் பராமரிப்பும் ஆரம்ப சவாரியும் சொல்லித்தருகிறாள். இளையோர் குழு என்று ஒன்று அவளிடம் வருவது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் வந்ததும் வராததுமாகச் செல்போனை எடுத்தார்கள். அவள் ஆளுக்கொரு பிரஷ்ஷை நீட்டினாள். உடம்பு தேய்த்துவிடாதவர், குளம்பு சுத்தம் செய்யாதவர், சாணி அள்ளாதவர்* யாரும் ஏறக்கூடாது என்பது அவள் சட்டம்.

பிரியதர்ஷினி அண்ணனின் பைக் ஹெல்மெட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, பஸ்ஸிலும் கழற்றாமல் வந்தவள். சரோஜா என்ற பெண்குதிரையை ஒரு மணி நேரம் தேய்த்தாள். முதலில் ஏறப்போவது நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்தாள்.

* குதிரை போடுவது லத்தி. சாணி என்று வந்துவிட்டது சவுரியப்பனின் பழக்கதோஷம். நாலு காலில் நிற்பதெல்லாம் அவருக்கு மாடுதான்.

3.

அங்கேதான் வினை வந்தது. சேணம் கட்டியாயிற்று. சரோஜாவை, ஏறுவதற்காகப் போட்டிருந்த மரப்படியின் பக்கம் நகர்த்த வேண்டும். முப்பது வருடம் ஏர் ஓட்டிய சவுரியப்பன், இதற்குப் போய் ஒரு பயிற்சியா என்ற நினைப்பில் நேரே பின்பக்கம் போனார். வாலடியில் ஒரு தட்டுத் தட்டி நாக்கைச் சொடுக்கினார். எருதாக இருந்தால் நகர்ந்திருக்கும். சரோஜா உதைத்தாள். அவருக்கு ஒரு சாண் தள்ளியிருந்த பிளாஸ்டிக் வாளி இரண்டாகப் பிளந்து வேலியோரம் போய் விழுந்தது.

“சார், இது மாடு இல்லீங்க,” என்றாள் ஐஸ்வர்யா.

பின்னால் நிற்கக்கூடாது என்று காலையிலிருந்து அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். அதெல்லாம் பிள்ளைகளுக்கு என்று சவுரியப்பன் விட்டுவிட்டார். இப்போது பிள்ளைகள் மொத்தமும் வேலியோடு ஒட்டிக்கொண்டார்கள். பிரியதர்ஷினி ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

(விவரமான மனிதர் இப்படியா நடந்துகொள்வார், நம்பும்படி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நடந்துகொள்வார். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.)

4.

ஐஸ்வர்யா அவரைத் தனியே அழைத்தாள். குதிரைமேல் தப்பில்லை, மிரண்டுபோய் உதைத்தது, இப்போது அடங்கிவிட்டது என்றாள். பெரியவர் ஒருவர் ஏறி ஒரு சுற்று வந்தால் பிள்ளைகளுக்குப் பயம் தெளிந்துவிடும். கயிற்றைத் தானே பிடித்துக்கொள்வதாகவும் சொன்னாள். பிரியதர்ஷினி கண்ணாடியைத் தூக்கினாள்.

“நீங்க ஏறுங்கண்ணா. நீங்க ஏறுனா நானும் ஏறுவேன்.”

முடிவு அ: சவுரியப்பன் ஒரே தாவில் ஏறி, நெடுஞ்சாலை வரை பறந்து திரும்புகிறார். (படியேறினாலே மூச்சு வாங்குபவர். அடித்துவிடுகிறேன்.)

முடிவு ஆ: சவுரியப்பன் முட்டியைத் தடவிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரம்

கை நின்றுவிட்டது. சொல்லிவிடுகிறேன். வாலடியில் தட்டியது நான். “முட்டி வலிக்குதும்மா, பஸ்ஸுக்கும் நேரமாயிருச்சு,” என்றதும் நான்தான். பன்னிரண்டு பேரும் தேய்த்துப் பளபளப்பாக்கிய குதிரையில் ஒருவரும் ஏறாமலே கிளம்பினோம். ஐஸ்வர்யா சேணத்தை அவிழ்த்தாள்; மறுபடி வாங்க என்று சொல்லவில்லை. பஸ்ஸில் மொரப்பூர் வரை ஒரு பிள்ளைகூட என்னைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு தைரியத்தை விட்டுவிட்டுப் பொறுமையைப் பற்றிப் பேசினேன்.

5.

ஆகவே சவுரியப்பனாவது ஏறியாக வேண்டும். மரப்படியின்மேல் நிற்கிறார். ஐஸ்வர்யா கயிற்றைப் பிடித்திருக்கிறாள். வேலியோரம் பன்னிரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள். இடது காலைச் சேணத்தில் தொங்கும் வளையத்தில் நுழைத்துவிட்டார். வலது காலைத் தூக்கி

(இதற்குமேல் எனக்குத் தெரியாது. மேலே போனால் கை எதைப் பிடிக்கும், அங்கிருந்து பார்க்க அந்தப் பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் ஏறியவன்தான் எழுத முடியும்.)

உங்களில் குதிரையேறியவர் யாராவது இருந்தால் அவரை ஏற்றிவிடுங்கள். ஏறாதவர்களும் முயன்று பார்க்கலாம். விழுந்தால் விழட்டும், பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். அவரை இறக்கி பஸ்ஸுக்குக் கூட்டிப்போகிற முடிவு மட்டும் வேண்டாம். அதை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்.