முறுக்கியதற்கு ஒரு புள்ளி

“முன்னாடி ரெண்டு பேரு, பின்னாடி ரெண்டு பேரு வாங்கப்பா. இந்தச் சனியன நகட்டுனாத்தான் சொர்க்க ரதம் வாசலுக்கு வரும்,” என்று சொல்லிவிட்டு அழகுபாண்டி மாமா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

அருண்பாண்டி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளால் தள்ளினான். நேற்றுக் காலையில் வழியில் நின்றுபோன கார். யாரோ ஒரு புண்ணியவான் கயிறு கட்டி இழுத்துவந்து சரியாக வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார். பந்தலுக்குள் ஐஸ்பெட்டியில் அப்பா, அவருக்கு நேர் எதிரே அவருடைய கார். துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள், அடுத்து காரைப் பார்த்தார்கள், பிறகு தலையை ஆட்டிக்கொண்டு நாற்காலி தேடினார்கள்.

“இதான்யா எமன்,” மாமா பம்பரைக் காலால் ஓர் எத்து எத்தினார். “இந்த டப்பாவ எடைக்குப் போட்டுட்டு நல்ல வண்டியா ஒண்ணு எடுங்க மச்சான்னு எத்தன தடவ சொல்லிருப்பேன்? கண்ணுந் தெரியல, கையும் நடுங்குது, ஞாபகமும் இல்ல. இதுல இவரே ரிப்பேரு பாக்குறாராம். கடைசில அவரு பாத்த ரிப்பேரே அவரு உசுரக் கொண்டுபோயிருச்சு.”

நேற்றிலிருந்து இதை இருபது பேராவது சொல்லிவிட்டார்கள். அருண்பாண்டி ஸ்டீயரிங்கை ஒடித்துத் தள்ளினான்.

ஃபியட் யூனோ, தொண்ணூற்றெட்டு மாடல், வெள்ளை. இத்தாலிக்காரன் போட்ட டிசைன் என்று அப்பா பேச்சிமுத்து, கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தபோது மதுரையில் ஒரு டாக்டரிடம் வாங்கியது. பேச்சிமுத்துவின் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலை உழுதவர். வாடிப்பட்டியில் இவர்கள் தெருவுக்குள் வந்த முதல் கார் இதுதான். வந்த அன்று அதைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றதை அம்மா இப்போதும் சொல்வாள். மெக்கானிக் யாரையும் பேச்சிமுத்து அதில் கைவைக்க விட்டதில்லை. காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை டிக்ஷனரி வைத்துக்கொண்டு படித்து, பிரேக்கிலிருந்து ரேடியேட்டர் வரை எல்லாம் வேப்பமரத்தடியில் தானே பார்த்தார். சாமான் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து வரவழைப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை முறுக்கினாலும், கையால் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, சரிபார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாகத் திருகின் மேல் ஒரு புள்ளி வைப்பார். கல்யாணமாகிப் போன மகள் சரண்யாதேவி அலமாரியில் விட்டுப்போன ரோஸ் நெயில் பாலிஷ்தான் அதற்கு. முறுக்கியவன் புள்ளி வைக்கக்கூடாது, வேறொரு ஆள் அசைத்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். தனியாக வேலை செய்யும் நாட்களில் முறுக்கிவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு, வேற்று ஆளாகத் திரும்பி வந்து வைப்பார்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் புது ரப்பர் ஓஸ் மாட்டினார்கள். கை நடுங்குகிறது என்று, ஓஸைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பை முறுக்கும் வேலையை மகனிடம் கொடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்தவனுக்கு அந்த வெயிலில் அந்த வேலை வேப்பங்காயாகக் கசந்தது. பாதி முறுக்கும்போது போன் வந்தது. தோளில் போனை இடுக்கிக்கொண்டு இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினான். ஸ்குரூடிரைவர் வழுக்கியது. போதும் என்று விட்டான். அப்பா அப்போது சாப்பிட உள்ளே போயிருந்தார். அவர் வந்து, கண்ணாடியைத் துடைத்து, குனிந்து, அசைத்துப் பார்த்து, மறுபடி முறுக்கச் சொல்லி... நெயில் பாலிஷைத் திறந்து அருண்பாண்டியே ஒரு புள்ளி வைத்துவிட்டான்.

அப்பா கை கழுவிய ஈரத்தோடு வந்தார். புள்ளியைப் பார்த்தார்.

“இத யாருப்பா வச்சது?”

“நீங்கதான வச்சீங்க. அதுக்குள்ள மறந்துட்டீங்களா?”

அந்த வார்த்தையை யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது. சமீப காலமாக அப்பாவுக்கு மறதி. ஒரு நாள் கேஸ் அடுப்பை அணைக்க மறந்ததிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் முகம் சிறுத்துவிடும். அன்றும் புள்ளியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கப் பார்த்தார். “ஆமால்ல... வச்சேன்ல,” என்று பானெட்டை மூடினார்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு நெஞ்சைப் பிடித்தார். தன் காலாலேயே நடந்துபோய்க் காரில் உட்கார்ந்தார். அருண்பாண்டி மதுரை ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். சமயநல்லூர் தாண்டி, பரவைக்கு முன்னால், பானெட்டிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. இறங்கித் திறந்தபோது ஓஸ் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“கிளிப்புதானாப்பா?” அப்பா சீட்டில் சாய்ந்தபடியே கேட்டார்.

“ஆமாப்பா.”

“புள்ளி இருக்கா?”

கிளிப்பில் ரோஸ் புள்ளி முழுசாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அருண்பாண்டி, “இருக்குப்பா,” என்றான்.

அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. “அப்ப நாந்தான் சரியாப் பாக்காம வச்சுட்டேன்,” என்றார். “மன்னிச்சுக்கப்பா. ஒன்னைய இப்பிடி ரோட்டுல நிக்க வச்சுட்டேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. முதலில் வண்டி கிடைக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ரோட்டில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். இருபது நிமிடம் கழித்து ஒரு ஆட்டோ நின்றது. அது விளாங்குடி வருவதற்குள் சொல்ல ஆள் இல்லை.

“ஒங்கப்பா கடைசியா என்னய்யா சொன்னாரு?” என்று அம்மா மலையம்மாள் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். யாராவது வந்து கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்ததும் மறுபடி அவனைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். “எனக்குன்னு எதுவும் சொன்னாராய்யா?”

“ஒண்ணும் சொல்லலம்மா,” என்றே அவன் சொல்லிவந்தான்.

கார் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றது. தள்ளியவர்கள் வேர்வையைத் துடைத்தார்கள். மாமாவுக்கு இன்னும் ஆறவில்லை. “மனுசனுக்கு வயசாச்சுன்னா தெரிய வேணாமா? தன் கையாலேயே தனக்குக் குழி வெட்டிக்கிட்டாரே,” என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்.

“மாமா,” என்றான் அருண்பாண்டி. அவனுக்கே அவன் குரல் சத்தமாகக் கேட்டது. “அந்தப் புள்ளிய வச்சது நானு. அப்பா இல்ல.”

மாமா திரும்பிப் பார்த்தார். “என்ன புள்ளி மாப்ள?”

“கிளிப்புல. அவரு வைக்கல. நான் வச்சுட்டு அவரு வச்சதாச் சொன்னேன்.”

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். ஒருவருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. புள்ளி என்றால் என்ன, அதை யார் வைக்கலாம், யார் வைக்கக்கூடாது, அதற்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் அவனைத் தவிர இந்தப் பந்தலில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவர் ஐஸ்பெட்டிக்குள் கண்மூடிப் படுத்திருந்தார்.

மாமா கிட்டே வந்து அவன் முதுகைத் தடவினார். “நேத்துலருந்து ஒருவாய் தண்ணி குடிக்கல இவன். மனசுல எதையும் போட்டுக் கொழப்பிக்காத மாப்ள. யாராச்சும் ஒரு சோடா வாங்கிட்டு வாங்கப்பா.” சுற்றி நின்றவர்கள் பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பந்தலுக்குப் போனார்கள்.

ஆள் இல்லாத நேரத்தில் அருண்பாண்டி பானெட்டைத் திறந்தான். டேஷ்போர்டில் அப்பாவின் ஸ்குரூடிரைவர் துணியில் சுற்றியபடி இருந்தது. ஓஸை ஏற்றி மாட்டிக் கிளிப்பை முறுக்கினான். நாலு சுற்று போனது. ஐந்தாவதும் போனது. ஏழாவதில்தான் நின்றது. அசைத்துப் பார்த்தான், அசையவில்லை. பிறகு அந்த ரோஸ் புள்ளியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தான். எளிதில் வரவில்லை. நெயில் பாலிஷ் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. அதை அவன் திறக்கவில்லை.

“ஏப்பா அருணு, ரதம் வந்துருச்சு. வாய்க்கரிசி போட வா,” என்று பந்தலிலிருந்து குரல் வந்தது.

குளிப்பாட்டி, கோடி போர்த்தி, அப்பாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தட்டில் அரிசியை நீட்டினார்கள். அவன் மூன்று விரலால் அள்ளி அவர் வாயருகே கொண்டுபோனான். கட்டைவிரல் நகக்கண்ணில் ரோஸ் தூள் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தான். கை அங்கேயே நின்றுவிட்டது.

“போடுய்யா, நேரமாகுது,” என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண்.

போட்டான். அரிசி உதட்டில் நிற்காமல் கன்னத்தில் சரிந்தது. வெள்ளை அரிசிக்கு நடுவில் மணலளவு ரோஸ் நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா குனிந்து, “என்னமோ தூசி,” என்று முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.