டாட்காம் வீட்டு டெலிபோன்

"அக்கா வாழ்க்கையவிட அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி உனக்குப் பெருசாப் போச்சாடா?" கல்யாணத் தரகர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. "மாப்பிள்ளையோட அம்மா வாரம் பூரா போன் போட்டுப் பாத்துட்டாங்க. எப்பப் பாத்தாலும் எங்கேஜ்டு! 'பொண்ணு வீட்டுக்கு இஷ்டமில்லன்னா வாயத் திறந்து சொல்லச் சொல்லுங்க'ங்குறாங்க. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்ல?"

"நல்லாக் கேளுங்கண்ணே!" என்று அவனைப் பெற்ற தையல்காரம்மாவும் சேர்ந்துகொண்டாள். "டாட்காம் டாட்காம்னு ஊரே சிரிக்குது. ஆனா இவனுக்கு உறைக்கணுமே!"

மகன் திட்டையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன், பொறுமைசாலி. மூத்தவள் மட்டும் சுவரோடு சுவராக நின்று டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எதிர்வீடு. நான் உண்டு என் வேலை உண்டு என்று இருப்பவள்தான். என் ஜன்னல் அவர்கள் கூடத்தைப் பார்த்து அமைந்துவிட்டால் அதற்கு நானா பொறுப்பு?

டாட்காம் என்றால் இப்போது யாருக்குப் புரியப்போகிறது? அப்போதெல்லாம் தெருவுக்கு ஒரு வீட்டில்தான் இன்டர்நெட். அதிலேயே விழுந்து கிடப்பவனுக்கு அந்தப் பட்டம் வந்துவிடும். வேலைவெட்டி இல்லாதவன், கண் கெட்டவன், கல்யாணத்துக்கு ஆகாதவன் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். போனுக்கும் நெட்டுக்கும் ஒரே வயர்தான் என்பதால், இவர்கள் நெட்டில் இருந்தால் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் லைன் கிடைக்காது.

மூத்தவளுக்கு இந்த மாப்பிள்ளை மேல் உயிர். அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவன் மனதையும் பறிகொடுத்துவிட்டுப் போனான். ஆனால் அவனுடைய அம்மா சரி என்று சொன்னால்தான் கல்யாணம். அந்த அம்மாளுக்கோ லைனே கிடைக்கவில்லை.

எனக்கு ஒன்று இடித்தது: பகல் பூரா கடையில் இருப்பவன் எப்போது நெட்டில் கிடக்கிறான்? மறுநாள் என் கண்ணாடிக்கு ஸ்க்ரூ போட மத்தியானம் கடைக்குப் போனேன். மகன் அங்கேதான் யாருக்கோ பிரேம் மாட்டிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தால் எதிர்வீட்டில் அந்தச் சத்தம், பூனையைத் தகர டப்பாவில் போட்டு உருட்டுவதுபோல. நெட் கனெக்ட் ஆகும்போது அப்படித்தான் கத்தும். தையல் மிஷின் சத்தத்தைக் காணோம்.

போன வேகத்தில் மறுபடி கடைக்கு ஓடினேன். "ஏம்பா, டாட்காம் நீயா, உங்கம்மாவா?"

"ஐயோ, மெதுவாப் பேசுங்கத்தை!" என்று கெஞ்சினான். "பொண்ணோட அம்மாவே நெட்டே கதின்னு கிடக்குறாங்கன்னு தெரிஞ்சா சம்பந்தம் போயிடும். எனக்கென்ன, ஒரு பட்டப்பேருதானே."

"நாளைக்கு உனக்கு யாருடா பொண்ணு கொடுப்பா?"

"கிட்டப் பார்வைக்காரி யாராவது மாட்டாமலா போயிடுவா?"

அம்மாவுக்கு அதில் என்ன வேலை என்றால், ரவிக்கைச் சட்டை! பேர் தெரியாத ஊர்களில் முகம் தெரியாத பெண்கள் தைத்த சட்டைகளின் படங்கள். அந்தக் காலத்துப் படம் மேலேயிருந்து கீழே கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் கழுத்து வரும், பிறகு தோள். அது இடுப்புக்கு வருவதற்குள் வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் போச்சு, அந்தரத்தில் நின்றுவிடும்.

கடைசியில் தரகர் சமாதானம் பேசி, மாப்பிள்ளையின் அம்மா ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருவதாக ஏற்பாடு. அதுவரை நெட் கூடாது என்று கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் நடுவிலிருந்த வயரைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வாரம் தையல்காரம்மா பட்ட பாடு! மிஷின் கடகடவென்று ஓடும், சட்டென்று நிற்கும். தைத்ததைப் பிரிப்பாள். வாசலுக்கு வருவாள், என்னைப் பார்த்ததும் உள்ளே போவாள். தூசியே இல்லாத கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் உறை போடுவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மகளுக்கென்று தைத்த சட்டை அரைகுறையாக நின்றது. கழுத்து வந்துவிட்டது. கைக்கு வருவதற்குள் படம் அறுந்துபோயிருந்தது.

ஞாயிறன்று சர்க்கரை கடன் கேட்கும் சாக்கில் நானும் போய் நின்றேன். மூத்தவள் அந்த அரைகுறைச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா வந்தாள், உட்கார்ந்தாள். பெண்ணின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, சட்டைக் கழுத்தையே பார்த்தாள்.

"இந்தக் கழுத்து யாரு வெட்டினது?"

"நான்தாங்க."

"எங்க பாத்து வெட்டினீங்க?"

மகன் முந்திக்கொண்டான். "நான் நெட்டுல பாத்து, இப்படி வெட்டுங்கம்மான்னு சொன்னேன்."

"பரவாயில்லையே! தம்பிக்குத்தான் ரசனை போல. அம்மா சொன்னதைச் செஞ்சிருக்காங்க."

அவ்வளவுதான். தையல்காரம்மா துள்ளி எழுந்தாள். "இவனா? காலருக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாதுங்க இவனுக்கு! வாரக்கணக்கா உக்காந்து தேடி எடுத்தது நான். அளவு போட்டது நான். பொழுதன்னைக்கும் நெட்டுல கிடந்ததும் நான்தான்!"

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூத்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப எனக்கு லைன் கிடைக்காதது உங்களாலதான்?"

"ஆமாங்க." தையல்காரம்மா திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மாள் சட்டையின் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "கழுத்து இவ்வளவு சீரா வந்திருக்கு. கை மட்டும் ஏன் மொட்டையா நிக்குது?"

"படம் பாதி வர்றப்ப இவ ரிசீவரை எடுத்துட்டா. நீங்க கூப்பிடுறீங்களோன்னு."

அந்த அம்மாள் மூத்தவளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "என் போனுக்காகக் கையையே விட்டுட்டியாடி? தரகரே, அந்த வயரைக் கொடுங்க. கை எப்படி வருதுன்னு பாத்துட்டுத்தான் மத்த பேச்சு."

பூனை கத்தியது. சம்பந்திகள் இருவரும் ஒரே ஸ்டூலில் ஒட்டி உட்கார்ந்து கோடு கோடாகக் கை இறங்குவதைப் பார்த்தார்கள். நான் கேட்க வந்த சர்க்கரையை வாங்காமலே நின்றேன்.

மூத்தவள் அந்தக் கை வைத்த சட்டையோடுதான் கல்யாணத்தில் நின்றாள். மாப்பிள்ளைக்கு வேலை வெளியூரில், அங்கேயே குடிபோனார்கள். பெயர் மட்டும் மகனை விடவில்லை. தெரு அவனைத்தான் கடைசிவரை டாட்காம் என்றது. அவனும் கடைக்குக் கண்ணைப் பரிசோதிக்க வந்தவளையே கட்டிக்கொண்டான். கல்யாணத்தன்று அவள் என்னிடம், "ஏன் அத்தை இவரை டாட்காம்னு கூப்பிடுறாங்க?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, நம்புங்கள். அவர்களும் ஊர் மாறிப் போனார்கள். தையல்காரம்மா சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு, மிஷினையும் கம்ப்யூட்டரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போய்ச் சேர்ந்தாளா என்று கேட்கலாமென்று போன் போட்டேன். எங்கேஜ்டு.