கைதட்டினால் நிறைவேறியது

எங்கள் வட்டாரப் பூப்பந்துச் சங்கத்தில் தேர்தலே நடப்பதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக நடக்கும். செயலாளர் சுப்பராயன் ஐயா தீர்மானத்தை வாசிப்பார், கூட்டம் கைதட்டும், நிறைவேறிவிடும். எதிர்ப்பவர்கள் கைதட்டாமல் இருக்கலாம்; அந்தச் சுதந்திரம் முழுதாக உண்டு. பந்தைக் கடைசியாக எப்போது தொட்டார் என்று ஐயாவுக்கே நினைவில்லை.

மாநிலப் போட்டிக்கான அணியும் அப்படித்தான். தேர்வுப் போட்டியெல்லாம் கிடையாது, ஐயா வீட்டுச் சோபாவிலேயே முடிவாகிவிடும். அவர் மருமகள் அதில் நிரந்தர ஆட்டக்காரி. எந்தக் கையில் மட்டை பிடிப்பாள் என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

நான் ஏஞ்சலின். கும்மிடிப்பூண்டியில் ஸ்பிரிங் கம்பெனியில் வேலை, ஷிப்ட் முடிந்ததும் ஆட்டம். மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடலாம். எனக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது.

அதனால் இந்த முறை புரட்சி. எங்கள் கிளப் தலைவர், பழவேற்காட்டு இறால் வியாபாரி சஹாபுதீன் பாய். அவர் பேசினால் மைக் தேவையில்லை. திருவள்ளூரில் நடக்கும் சங்கத் தேர்தல் கூட்டத்தில் எழுந்து, திறந்த தேர்வுப் போட்டியும் புதுச் செயலாளரும் வேண்டும் என்று கேட்பார். ஐயா எதை வாசித்தாலும் நாங்கள் கைதட்டக் கூடாது. என் தோழி சுகிர்தா எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

கூட்டத்தன்று பாய் எழுந்து தொண்டையைச் செருமினார். அதற்குள் ஐயா மேடையிலிருந்து இறங்கி வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார். நம் ஆளுக்குப் பொன்னாடை என்றால் சும்மாவா? எங்கள் பக்கத்துக் கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பொன்னாடையைக் கண்டால் கை தானாகத் தட்டும், இதில் சத்தியம் என்ன செய்யும்? அந்தச் சத்தத்துக்கு நடுவே ஐயா மைக்கைப் பிடித்தார்.

"செயலாளர் அப்டியே தொடர்றாரு. பாய் இனிமே துணைத் தலைவர். ஏகமனதா நிறைவேறிச்சு."

பாய் பொன்னாடையைக் கழற்றி வீசுவார் என்று காத்திருந்தேன். அவர் மடிப்பைச் சரிசெய்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவாரம் பாய் கம்பெனி வாசலுக்கே வந்தார். சண்டை போடத்தான் போனேன். தேர்வுப் போட்டி எப்போது என்று கேட்டேன்.

"உள்ள இருந்துகினுதாம்மா மாத்தணும். இந்த வாட்டி டீம்ல உன் பேரை நானே சொல்லிப் போட்டுட்டேன். அப்பால டிரையல் இன்னாத்துக்கு?"

"சுகிர்தா?"

"அவளுக்கு வயசு இருக்குது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் கொடுமை. சாயங்காலம் சுகிர்தா போன் செய்தாள். பாய் நம்மை ஏமாற்றிவிட்டார், மறுபடி கூட்டம் கூட்டிக் கேட்டே ஆகவேண்டும் என்று கத்தினாள்.

"கொஞ்சம் பொறுடி," என்றேன். "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட முடியுமா?"