யானைக் கூட்டம் வந்துபோன வீடு

1

இந்தக் கதை என் மணிக்கட்டு வலியில் பிறந்தது. தட்டச்சு செய்ய முடியவில்லை. பேசினால் எழுதும் மென்பொருளை என் லினக்ஸ் மடிக்கணினியில் நிறுவப் பார்த்துத் தோற்றுப்போய், தோழி சுகிர்தாவுக்குப் போன் செய்தேன். "எங்கம்மாவே பண்ணிட்டாக, உங்களுக்கு என்ன?" என்று சிரித்தாள். பிறகு அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவள் சொல்லாததையும் கொஞ்சம்.

2

சுகிர்தாவின் அப்பா சங்கரபாண்டியனுக்குக் காது கேட்காமல் போன அன்று சிவகாசியில் மழை கொட்டிக்கொண்டி

(இல்லை. மழையே பெய்யவில்லை. சோகம் என்றால் மழையைக் கூப்பிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.)

நல்ல வெயில். காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி அவருடையது. மெஷின் சத்தத்தில் இடது காது எப்போதோ மந்தமாகியிருந்தது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலது காதும் போயிற்று. மதுரை டாக்டர் கொடுத்த கருவியில் இரைச்சல் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. தன் குரலே தனக்குக் கேட்காததால், கத்துகிறோமோ என்று கூச்சம். பேசுவதை விட்டார். கம்பெனிக்குப் போவதையும் விட்டார்.

காலண்டர் சீசன் தொடங்கிவிட்டது. ஆர்டரையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டது அவர் மனைவி சொர்ணலட்சுமி. (இரண்டு 'அவர்' வந்தால் குழப்பம், இனி அவரை 'அவள்' என்கிறேன். சொர்ணலட்சுமி அம்மா பொறுத்துக்கொள்ளட்டும்.) மாலையில் வந்து ஒரு சிலேட்டில் "சாப்பிட்டீகளா" என்று எழுதிக் காட்டுவாள். அவர் தலையாட்டுவார். அந்த வீட்டின் பேச்சு அவ்வளவுதான்.

3

"நாம பேசப் பேசத் திரையில எழுத்தா வரும்மா. போன்லயே இருக்கு" என்றாள் மகள், சென்னையிலிருந்து.

"அது நம்ம பேச்ச எங்கனயோ அனுப்பித்தான எழுதுது? எங்க வீட்டுப் பேச்சு வீட்டுக்குள்ளயே கெடக்கட்டும்."

அதனால் கம்பெனியின் பழைய கணினி. வைரஸ் புகுந்து படுத்தபோது சுகிர்தாதான் அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டிருந்தாள். இப்போது அவள் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அம்மா கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்தாள்.*

"ஏட்டி, பாஸ்வேர்டு அடிக்கேன், ஒண்ணுமே விழ மாட்டேங்குது."

"விழாதும்மா. அடிச்சுட்டு என்டரத் தட்டுங்க."

"கண்ணுக்குத் தெரியாததயெல்லாம் நம்பச் சொல்லுத."

கணினியின் அமைப்புகளில் மைக் ஒலி அடைக்கப்பட்டுக் கிடந்தது, அதைத் திறந்தார்கள். பேச்சை எழுத்தாக்கும் மாடல்களில் பெரியதைப் போட்டால் கணினி திணறியது. சின்னது வேகமாக ஓடி வாய்க்கு வந்ததை எழுதியது. நடுத்தரத்தை வைத்தார்கள். மொழியை அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டதில், சொர்ணலட்சுமியின் பேச்சை மலையாளத்தில் எழுதியது. "தமிழ்" என்று கட்டளையில் சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது.

* கட்டளைகளை அப்படியே இங்கே தர நினைத்தேன். இதை நீங்கள் படிப்பதற்குள் பழசாகியிருக்கும்.

4

திரையை அவர் நாற்காலிக்கு எதிரே வைத்து, மைக்கைச் சேலையில் குத்திக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன பேசுவது? எதிரெதிரே பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

"ஆனைக்குட்டம் அத்தாச்சி வந்துட்டுப் போனாக. உங்களத்தான் கேட்டாக."

(ஆனைக்குட்டம் பக்கத்து ஊர்; அத்தாச்சி அங்கிருக்கும் உறவுக்காரி.) திரை கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதியது: யானைக் கூட்டம் அத்தாட்சி வந்துவிட்டுப் போனார்கள். உங்களைத்தான் கேட்டார்கள்.

சங்கரபாண்டியன் படித்தார். மறுபடி படித்தார். தொந்தி குலுங்க ஆரம்பித்தது.

"எத்தன யானை சொர்ணம்? வாழப்பழம் குடுத்தியா?"

எதிர்வீட்டு வெள்ளைத்தாய் வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்தாள். அம்புட்டுச் சத்தம்.

"கத்துறேனோ?" என்றார் கூச்சத்தோடு.

"கத்துங்க. நல்லாக் கத்துங்க."

அதைத் திரை பிழையில்லாமல் எழுதியது. சொர்ணலட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த அமைதியில், யாருமே எதுவுமே சொல்லாதபோது, திரையில் இரண்டு சொற்கள் வந்தன.

மிக்க நன்றி.

அவர் படித்தார். முகம் மாறியது.

"எனக்கு எதுக்கு நன்றி? கம்பெனியவும் பாத்து, இந்தச் செவிட்டுப் பயலையும் பாத்து... நான்லா சொல்லணும். எம்புட்டு நாளா நெஞ்சுக்குள்ளயே கெடக்கு தெரியுமா? நாளைக்கு நானும் வாரேன். இந்தப் பெட்டியவும் தூக்கிக்கிடுவோம்."

சொர்ணலட்சுமி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

5

மறுநாள் போனார். மெஷின் ஓடும் கூடத்தில் பெட்டி உளறியது. ஆபீஸ் அறைக்குள் ஒழுங்காக எழுதியது. ஆர்டர் பேசினார். பேரம் பேசினார். சத்தமாகத்தான்.

மகள் அம்மாவுக்கு விளக்கினாள்: அமைதியாக இருந்தால் இந்த மென்பொருள் சில நேரம் தானாக எதையாவது எழுதும், ஆள் பேசாதபோது எழுதாமலிருக்க ஓர் அமைப்பு உண்டு, கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

"பொறவு பாப்போம்" என்றாள் அம்மா.

முதலில், அந்த நன்றி தான் சொன்னதில்லை என்ற உண்மையை அவள் சொல்லி, அவர் சிரிப்பதாக எழுதினேன். சிரிப்பு ஒட்டவில்லை. பிறகு, அவருக்கு அப்போதே தெரியும் என்று எழுதினேன்: காது போனவர் உதட்டைப் பார்க்காமலா இருந்திருப்பார், உதடு அசையவில்லை என்று

(நிறுத்திவிட்டேன். எனக்கே தெரியாது.)

சிக்கல் வேறு. பெயர்களை மாற்றியிருந்தாலும், அச்சில் வந்தால் அவருக்குப் புரிந்துவிடும். அவர் அச்சில் வருவது எதையும் விடாமல் படிப்பவர். சொர்ணலட்சுமியையே போனில் கேட்டேன். "எழுதுங்க. நான் எப்பச் சொல்லணுமோ அப்பச் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், நான் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாளா, இல்லை இந்த வரியில்தான் அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறாரா? பார்த்தால், அவர் முதலில் என்ன சொல்வார்? அதை நீங்கள் எழுதுங்கள்.