கல், ஐந்து மணி

இஷ்தியாக் அகமது இண்டர்மீடியட் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவன். இரண்டு முறையும் தர்க்கப் பாடம்தான் காலை வாரியது. மூன்றாவது முறையும் தவறினால் படிப்புக்கு முழுக்கு, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்கு வந்து சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்துக்கொள் என்று அவன் தகப்பனார் முடிவாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் வேலூர்க் கல்லூரியில் உருது பேசுகிற பையன்களுக்கு ஒரு விடுதி, தமிழ்ப் பையன்களுக்கு ஒரு விடுதி. நடுவே ஒரு கிணறு. அந்தப் பக்கம் கணக்கில் புலிகள் ஜாஸ்தி. எங்கள் பக்கம் தர்க்கத்தில் கெட்டி. வீண் தர்க்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சேர்ந்து படித்தால் எல்லாரும் கரையேறலாம் என்ற யோசனை இஷ்தியாக்குக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தர்க்க ஆசிரியர் ஜேக்கப்பிடம் போய் எட்டாம் அறையைக் கேட்டான்.

"ரெண்டு ஹாஸ்டலும் வந்தா சாவி தர்றேன். நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து பார்ப்பேன். ஒரு பக்கம்தான் இருந்ததுன்னா இந்தப் பேச்சையே விட்டுடு" என்றார் அவர்.

இஷ்தியாக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் விடுதிக் கதவில் சாக்குக்கட்டியால் உருதுவில் எழுதினான். ஓடிவந்து எங்கள் கதவில் தமிழில் எழுதினான். ஓடிய வேகத்தில் எழுத்துத்தான் தமிழாக வந்தது, முதல் வார்த்தை உருதுவாகவே நின்றுவிட்டது: "கல், ஐந்து மணி, எட்டாம் அறை." அதோடு விளக்கு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டான்.

நாங்கள் கதவின் முன் கூடி நின்று மண்டையை உடைத்துக்கொண்டோம். வில்சன்தான் தீர்ப்புச் சொன்னான்.

"எட்டாம் ரூமுல பெஞ்சுங்கல்லாம் ஆடுது இல்ல? முட்டுக் குடுக்கத்தான் கேக்கறான். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கினு போலாம்."

இன்றைக்கு ஐந்து மணி தாண்டிவிட்டதால் நாளைக்குத்தான் என்று முடிவாயிற்று. பாலாற்றில் மணலுக்குப் பஞ்சமில்லை, கல்லுக்குத்தான் அலைந்தோம். வில்சன் அலையவில்லை. சமையலறையிலிருந்து அம்மிக் குழவியையே கடத்திவிட்டான்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஜேக்கப் சார் வந்தார். அறை வாசலில் பதினைந்து பையன்கள், எல்லார் கையிலும் கல். மறியலும் ஊர்வலமுமாக இருந்த காலம் அது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னாடா இதெல்லாம்?"

"பெஞ்சுக்கு சார்" என்றான் வில்சன், குழவியை இடுப்பில் இடுக்கியபடி.

உருது விடுதியிலிருந்து இஷ்தியாக்கைத் தவிர ஒரு தலைகூட வரவில்லை. அவன் முகம் வெளுத்துப்போய் அங்கே ஓடினான். சத்தாரும் அவன் கூட்டாளிகளும் பேஜாராகி உட்கார்ந்திருந்தார்களாம். காலையில்தான் கதவைப் பார்த்திருக்கிறார்கள். நேற்றே கூட்டம் முடிந்துவிட்டது, நம்மைக் கூப்பிடவில்லை என்று பாதிப் பேர். இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்று மீதிப் பேர். அவர்களை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"யார் எழுதினது?" என்றார் ஜேக்கப்.

"நான்தான் சார்." அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. "எங்க பாஷையில நேத்துக்கும் கல்தான், நாளைக்கும் கல்தான். இவங்களுக்கு அது வெறும் கல்லு."

எங்களுக்குச் சிரிப்பு முட்டியது. ஜேக்கப் சிரிக்கவில்லை. "தர்க்கத்துல இதுக்கு இன்னா சொல்லுவோம்?"

எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. பரீட்சையில் அவனைக் கவிழ்த்த கேள்வியே இதுதான்.

"ஒரே வார்த்த சார். ஒருத்தர் ஒரு அர்த்தத்துல சொல்றாரு, கேக்கறவர் வேற அர்த்தத்துல முடிவுக்குப் போய்ட்றாரு. அதான் தப்பு."

"பேரு?"

வாய் திறந்தது, பேர் வரவில்லை.

"ஈக்வி..." என்று பின்னாலிருந்து முனகினான் சத்தார். அவனுக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

"...வொகேஷன்" என்றான் வில்சன்.

உடனே இரண்டு விடுதியும் சேர்ந்து முழுப் பேரையும் கத்தியது. ஜேக்கப் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பரீட்சை ஹால்ல இப்படிப் பண்ணா காப்பின்னு வெளிய தள்ளிடுவேன். இங்க பண்ணா, அதுதான் படிப்பு" என்று சாவியை இஷ்தியாக் கையில் வைத்தார்.

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன். அவன் கதவைத் திறந்து, எங்கள் பக்கம் திரும்பி, "அல்ஜீப்ரா யாருக்கு வரல?" என்று கேட்டான்.

எங்களில் தூக்காத கை ஒன்றும் இல்லை. வில்சன் இரண்டு கையையும் தூக்கினான்.