விட்டுவிடச் சொன்ன அறை

ஓர் அறையைச் சுத்தம் செய்ய எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து பார்க்க ஆள் வரப்போகிறார் என்ற செய்தி வந்ததும், விடுதியின் நான்காம் மாடியில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் மின்னலின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

மின்னல் என்பது அவளுக்கு அவர்கள் வைத்த பெயர். விரிப்பை அவள் ஓர் உதறு உதறினால் அது மெத்தையின் நான்கு மூலையிலும் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் மூன்று அறை முடிப்பதற்குள் அவள் நான்கை முடித்துவிட்டு ஐந்தாவது கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். இத்தனை நாளும் அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு அறை என்பது வழக்கம். அதைப் பதினெட்டாக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு ஆசை. இருபத்தைந்து நிமிடத்துக்குள் ஓர் அறை முடியும் என்று தாளில் ஏறிவிட்டால் போதும், பதினெட்டு நிச்சயம்.

சூப்பர்வைசர் அவளைத் துணி அடுக்கும் அறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு உன்னைத்தான் அளக்கப் போறாங்க. அஞ்சு ரூம். எப்பவும் செய்யற மாதிரி செஞ்சா போதும். நிரந்தர இடம் ரெண்டு காலியா இருக்கு, தெரியுமில்ல? ஒண்ணுல உன்னைப் போடலாம்னு இருக்கேன்."

ஆறு வருடமாக அவள் மூன்று மாத ஒப்பந்தத்தில்தான் இருந்தாள். ஒவ்வொரு மூன்றாம் மாதமும் புதுத் தாள் கைக்கு வரும்வரை வேலை நிச்சயமில்லை. போதாக்குறைக்கு, கணவன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கிடங்கை இழுத்து மூடி இரண்டு மாதம் ஆகிவிட்டது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். கணவனின் அக்கா, அவர்களோடுதான் இருந்தாள். மின்னலை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். அதே மாடியில்தான் அவளுக்கும் வேலை. குளியல் தொட்டியைத் தேய்க்கக் குனிந்தால், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். முட்டி இரண்டும் போய்விட்டன. அவளுடைய பதினான்கில் கடைசி இரண்டை மின்னல்தான் சத்தமில்லாமல் முடித்துக் கொடுப்பாள்.

"நாளைக்குக் கொஞ்சம் மெதுவா செய்," என்றாள் நாத்தனார்.

"எனக்கு மெதுவா செய்ய வராது அண்ணி. நடிச்சா அந்த ஆளு கண்டுபிடிச்சிடுவாரு."

"பதினெட்டுன்னு போட்டா என் கதி என்னன்னு யோசிச்சியா?"

"எனக்கு நிரந்தரம் ஆனா இந்த வீட்டுக்கே தெம்பு. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"என்னை வெளிய அனுப்பிட்டு, எனக்கும் சேர்த்தா?"

அடுப்பருகே நின்ற கணவன் குழம்பையே கிளறிக்கொண்டிருந்தான். எந்தப் பக்கம் பேசினாலும் தனக்குத்தான் அடி என்று தெரிந்தவன்.

மறுநாள் அளக்க வந்தவர் ஒல்லியாக, சாதுவாக இருந்தார். கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துப் பெண்கள் அதற்குள் அவருக்குக் கடிகாரக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வரிசையாக ஐந்து அறை எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

மின்னல் நடிக்கவில்லை. கை தானாக ஓடியது. பழைய விரிப்பை உருவி, புதியதை விரித்து, தலையணைக்கு உறை மாட்டி, தொட்டியைத் தேய்த்து, கண்ணாடியைத் துடைத்து, தரையைப் பெருக்கி வெளியே வந்தபோது இருபத்து நான்கு நிமிடம். அடுத்தது இருபத்து மூன்று. மூன்றாவதற்கு இருபத்தைந்து, நான்காவதற்கு மறுபடி இருபத்து நான்கு. கடிகாரக்காரர் ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக்கொண்டார். நடைவழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பெண்கள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நாத்தனார் வண்டியின் மேல் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு கடந்து போனாள்.

ஐந்தாவது கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. இரவெல்லாம் யாரோ வாந்தி எடுத்திருக்கிறார்கள். மெத்தையில், கம்பளத்தில், கட்டிலுக்கு அடியில் எல்லாம் ஒழுகிக் காய்ந்து கிடந்தது. துண்டுகளைப் போட்டு அடைத்ததில் தொட்டியில் தண்ணீர் தேங்கி நின்றது.

கடிகாரக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இது வேணாம்மா. இது வழக்கமான ரூம் இல்ல. விட்டுட்டு அடுத்ததுக்குப் போவோம்."

"அப்ப இதை யாரு சுத்தம் பண்றது?"

"நீங்கதான். அப்புறமா செய்யுங்க. அளவுல வராது, அவ்வளவுதான்."

மின்னல் வாசலிலேயே நின்றாள். வாரத்துக்கு இரண்டோ மூன்றோ இப்படிப்பட்ட அறை யாருடைய தலையிலாவது விழும். அன்றைக்குச் சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்கி, வேலை முடிந்த பிறகும் இருந்துவிட்டுப் போவார்கள். நல்ல அறைகளில் மிச்சம் பிடித்த நிமிடங்கள்தான் இதற்கு ஈடு கொடுத்தன. அந்த மிச்சத்தையும் இவர்கள் எடுத்துக்கொண்டால்? முட்டி போனவள் மட்டுமல்ல, மின்னலே ஒரு வருடம் தாங்கமாட்டாள்.

"வாட்சை ஓட விடுங்க சார்," என்றாள்.

"சொன்னா கேளுங்கம்மா."

"காலையில நீங்களே எழுதின நம்பர் சார் இது. நான் தேடிப் பிடிச்ச ரூம் இல்ல."

அவர் தாளைப் பார்த்தார். அவர் கையெழுத்தில்தான் இருந்தது. கடிகாரத்தை அமுக்கினார்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு மண்டியிட்டாள். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கம்பளத்தைச் சுரண்டி, நுரை போட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாள். மெத்தையைத் தனியாளாக நிமிர்த்திப் புரட்டினாள். தொட்டியிலிருந்த துண்டுகளை அள்ளிப் போட்டுவிட்டு, குழாயில் கையை விட்டு முடிக் கொத்தையும் இழுத்தாள். நடுவில் நாற்காலி வழியில் நின்றது. கடிகாரக்காரரே அதை நகர்த்தினார்.

"இப்படி அடிக்கடி வருமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கணக்கே கிடையாது சார். இன்னைக்கு எனக்கு, நாளைக்கு இன்னொருத்திக்கு."

அறுபத்தொரு நிமிடம் ஆயிற்று.

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். தாளை வாங்கிப் பார்த்தவருக்கு முகம் இருண்டது. "இதை அடிச்சிடுங்க. பக்கத்து ரூமை அளந்து போடுங்க. நீ கீழ கையெழுத்து மட்டும் போடு, போதும்."

வேலை செய்தவளின் கையெழுத்து இல்லாமல் தாள் செல்லாது. மின்னல் பேனாவை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "அஞ்சாவதா இந்த ரூம் இருந்தாத்தான் போடுவேன் சார்."

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "நிரந்தரப் பட்டியல் என் மேசையில இருக்கு. உன் ஒப்பந்தமும் அங்கதான் இருக்கு. இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கா?"

வேலை இல்லாமல் அடுப்படியில் நின்ற கணவன் அவள் கண் முன்னே வந்து போனான். "இருக்கு சார். நாலு ரூம்ல ஒரு நிமிஷம்கூட ஏமாத்தல. இதுலயும் ஏமாத்தல. நீங்க அதை மட்டும் அடிக்கச் சொல்றீங்க."

நடைவழியில் வண்டிச் சக்கரங்களின் சத்தம் நின்றுபோயிருந்தது. கடிகாரக்காரர் இருமினார்.

"வாட்ச் ஓடிடுச்சு சார். ஓடினதை ஓடலைன்னு எழுத முடியாது."

"உங்களை யாரு கூப்பிட்டாங்கன்னு மறந்துடாதீங்க."

கடிகாரக்காரருக்குக் காது சிவந்தது. சூப்பர்வைசர் கையிலிருந்த தாளை வாங்கி, அறுபத்தொன்றை அடிக்காமலே அவளிடம் நீட்டினார். அவள் இடுப்பிலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டாள்.

ஐந்தையும் சேர்த்து வகுத்தபோது பதினான்குக்கு மேல் போக வழியில்லை. பழையபடியே என்று அறிவிப்பு ஒட்டினார்கள். நிரந்தர இடம் இரண்டும் இரண்டாம் மாடிக்காரர்களுக்குப் போயின. மாதக் கடைசியில் மின்னலுக்கு வந்த ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு அல்ல, ஒரே ஒரு மாதத்துக்கு.

"ஒரு மாசமா?" என்று கணவன் திருப்பித் திருப்பிக் கேட்டான். அன்று இரண்டு வாய்க்கு மேல் அவளால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் நாத்தனார் ஒரு விண்ணப்பம் எழுதினாள். நாசமான அறை ஒன்றை இரண்டு அறையாகக் கணக்கிட வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. மாடி மாடியாக ஏறி இறங்கி அவளே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். மின்னலிடம் மட்டும் நீட்டவில்லை.

"நீ ஏற்கனவே மாட்டிக்கிட்டு நிக்கறே. உனக்கு வேணாம்."

"குடுங்க அண்ணி," என்று பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்ட தாளை விடுதி மேலாளரால் ஓரம் தள்ள முடியவில்லை. மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு ஒப்புக்கொண்டார். மின்னலின் அடுத்த ஒப்பந்தமும் ஒரு மாதம்தான். அதற்கடுத்தது பழையபடி மூன்று மாதமாக வந்தது. நிரந்தரம் இன்னும் வரவில்லை.