குடை வைத்த இடம்

"எங்க அம்மாவுக்குப் பயந்து ஜெபமெல்லாம் மனப்பாடம் பண்ண வேணாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்" என்றான் செபஸ்தியான்.

"என்னவாம்?"

"நத்தார் பூசைக்கு நீ என் பக்கத்துல நிக்கணும்."

"இதென்ன பெரிய ஆசை? எல்லாப் பொண்டாட்டியும் நிக்கிறதுதானே?"

"எங்க தோட்டத்துக் கோயில்ல ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். எங்கப்பாவும் அம்மாவும் ஒரு நத்தாருக்குக்கூட பக்கத்துல பக்கத்துல நின்னதில்ல. டவுன் கோயில்ல குடும்பமா நிக்கலாம்."

"நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்னா?"

"தோள் எதுக்கு இருக்கு?"

மாத்தளை பஸ் நிலையத்தில், ரத்தோட்டை பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது நடந்த பேச்சு அது. கமலாட்சி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற கடலைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அடுத்த மாதம் அவள் ஞானஸ்நானம் பெற்று பிலோமினா ஆனாள். அதற்கு அடுத்த மாதம் கல்யாணம். வீட்டிலும் கோயிலிலும் அவள் பிலோமினாதான். அடையாள அட்டையில் மட்டும் கமலாட்சி கமலாட்சியாகவே இருந்துவிட்டாள். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பதினெட்டு வருடம் போய்விட்டது.

இப்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தால், யாரோ இரண்டு பேர் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்ட மாதிரித்தான் இருக்கிறது.

'பீப்.'

டிஷூ பெட்டி. 'பீப்.' பிஸ்கட் டின். 'பீப்.' மினுங்கும் நட்சத்திரம், பன்னிரண்டு கொண்ட பெட்டி.

மெயின் ரோட்டு சூப்பர் மார்க்கெட்டில் இரண்டாவது கவுண்டர் அவளுடையது. டிசம்பர் பிறந்தால் கூரையிலிருக்கும் ஸ்பீக்கரில் ஒன்பது கிறிஸ்மஸ் பாட்டுகள் சுற்றிச் சுற்றி வரும். ஒன்பதாவது முடிந்து முதலாவது தொடங்கும்போது முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவள் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதை வைத்தே நேரத்தைக் கணக்குப் பண்ணுவாள். தலையில் எல்லோருக்கும் போல அவளுக்கும் ஒரு சிவப்புத் தொப்பி, நுனியில் வெள்ளைப் பஞ்சு. சட்டையில் 'கமலா' என்ற பெயர்ப் பட்டி. தாலிக்கொடியில் கோத்த சின்னச் சிலுவை யூனிஃபார்ம் சட்டையின் கழுத்துக்குள் கிடந்தது. கிடக்கிறது என்பதே அவளுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

தவறு ஒரு நல்ல காரியத்தில்தான் தொடங்கியது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் மெனேஜர் அம்ஹர் அவளைக் கூப்பிட்டு, "கமலாக்கா, தீபாவளிக்கு நீங்க வர வேணாம். ஒங்களுக்கு லீவு போட்டிருக்கேன். நம்ம கடையில யாரோட பெருநாளா இருந்தாலும் அவங்க வீட்டுல இருக்கணும். அது என்னோட சட்டம்" என்றார். கையில் ஒரு பலகாரப் பெட்டியும் தந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவ்வளவு சந்தோஷமாகக் கொடுக்கிற மனுஷனிடம், நான் தீபாவளிக்காரி இல்லை என்று எப்படிச் சொல்வது? "தேங்க்ஸ் சேர்" என்றாள். அன்றைக்கு நெற்றியில் பொட்டும் இருந்தது. அவள் எப்போதும் வைக்கிற பொட்டுதான்.

அந்த வருடம் நத்தாருக்கு அவள் பெயரை வேலைக்குப் போட்டார்கள். நத்தாரன்று நின்றால் சம்பளம் இரட்டிப்பு. ராப்பூசைக்குப் போய்வர பஸ் இல்லை, காலைப் பூசை நேரம் அவள் கவுண்டரில் நிற்க வேண்டும். சரி, ஒரு வருடம்தானே என்று நின்றாள். அந்தக் காசில் ஃபிரிட்ஜுக்கு முதல் தவணை கட்டினார்கள். அடுத்த வருடம் வொஷிங் மெஷின். பிறகு டீவி, அதற்குப் பிறகு அதைவிடப் பெரிய டீவி. வாங்காமலிருக்க முடியாத சாமான் என்று ஒவ்வொரு டிசம்பருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் செபஸ்தியான் ஃபிரிட்ஜைத் தட்டி, "இது ஒன்னோட மொத நத்தார், பிலோ. நல்லாத்தான் குளிருது" என்று பகிடி பண்ணுவான். பிறகு பகிடியும் நின்றது, கேட்பதும் நின்றது.

ஏழு தீபாவளிக்கு அவள் வீட்டிலிருந்து உடுப்புத் துவைத்தாள். ஆறு நத்தாருக்குக் கவுண்டரில் நின்றாள்.

"அடியே பிலோமினா! நீ இங்கயா நிக்கிற? தொப்பியப் போட்டதும் ஆளே தெரியல!"

டெய்சி டீச்சர். கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர். சந்தையில் பேரம் பேசி வாங்குகிற ஆள், இந்தக் கடைக்குள் கால் வைத்ததே இன்றுதான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்த பிளாஸ்டிக் குடில் செட்டுக்காக வந்திருந்தார்.

"இங்க பாரு, ரெண்டு மாதா, ரெண்டு சூசையப்பர், ரெண்டு குழந்த ஏசு. ரெண்டு ஏசுவ வச்சிக்கிட்டு நான் என்னத்தச் செய்றது? ஒரு குடும்பத்த நீ எடுத்துக்க."

"ஸ்டாஃப் எடுக்கக் கூடாது டீச்சர்." 'பீப்.'

"சரி போ. ஒன்ன நத்தார் பூசையில கண்டு எத்தன வருஷம்! பாவம்டி ஒம் புருஷன். போன வருஷம் காலப் பூசைக்கு நான் பிந்திப் போயி, எடமில்லாம அவரு பெஞ்சில ஒக்காரப் பாத்தேன். 'டீச்சர், இங்க ஆள் இருக்கு'ங்குறாரு. எங்கடா ஆளுன்னு பாத்தா, ஒரு கறுப்புக் குடை! அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் குடை. பூச முடியிற வரைக்கும் ஒருத்தரையும் கிட்ட எடுக்கல. சமாதானம் சொல்ற நேரம் எல்லாரும் பக்கத்துல நிக்கிறவங்களக் கும்பிடுறோம், அவரு அந்தக் குடையப் பாத்து ஒரு கும்பிடு போடுறாரு. எனக்குச் சிரிப்பும் வருது, என்னமோ மாதிரியும் இருக்கு. வருஷா வருஷம் இதுதானாம். ஒனக்குத் தெரியாதா?"

"பேக் வேணுமா டீச்சர்?" என்றாள் அவள்.

டீச்சர் போனதும் பக்கத்துக் கவுண்டரிலிருந்து ஆதிபா எட்டிப் பார்த்தாள். வயதில் சின்னவள். வாயை மூடி வைக்கத் தெரியாதவள்.

"யாருக்கா பிலோமினா?"

"ஆள் மாறிக் கூப்பிட்டுட்டாங்க."

"புருஷன் கதையெல்லாம் சொன்னாங்களே?"

"வயசாயிட்டுது அவங்களுக்கு."

வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது அது. கண்கூடக் கலங்கவில்லை. அடுத்த ஆள் பால்மா டின் வைத்தார். 'பீப்.' மறுபடியும், 'பீப்.'

"மிஸ், ஒரு டின்ன ரெண்டு தரம் அடிச்சிட்டீங்க."

"சொறி சேர்."

அன்று மாலை அலுவிகாரையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை தூறியது. வீட்டு முன்னால் போட்ட தகரக் கொட்டகையில் செபஸ்தியான் யாருக்கோ கேட் ஒன்று வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தான். மகள் ஷெரின் உள்ளே டீவியின் முன்னால் உட்கார்ந்து, டீவியைப் பார்க்காமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிலோமினா தேநீர் ஊற்றி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டுக் கோப்பையை வாங்கினான்.

"இந்த முறையும் டியூட்டிதானே?" கேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இன்னும் போடல. நாளைக்குப் போடுவாங்க."

"ம். ஷெரினுக்கு லெப்டொப் ஒண்ணு வேணுமாம். படிக்கிறதுக்காம்." ஒரு மிடறு குடித்தான். "அவசரமில்ல. அவ கேட்டா, அதான் சொன்னேன்."

குடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பெரிய கறுப்புக் குடை. கம்பி ஒன்று வளைந்து, அவனே நிமிர்த்தி ஒட்டியிருந்தான். மார்கழி மழைக்கு அவன் குடை எடுத்துப் போவதை அவள் எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள். அதில் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டிருந்தாள்.

"குடைய கோயிலுக்குள்ளயா கொண்டு போறீங்க?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "வெளிய வச்சா களவு போயிரும்."

"இந்தக் குடையவா?"

"இதென்ன கேள்வி, பிலோ? கோயில் வாசல்ல செருப்பே களவு போகுது. குடை போகாதா?"

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டான். நெருப்புப் பொறி பறந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் அவன். காது சிவந்துவிடும். கண்ணாடி கண்ணைத்தான் மறைத்தது.

அவள் அங்கேயே நின்றாள். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கோபித்துக்கொள்ளலாம். பாவம் என்று அழலாம். இரண்டும் வரவில்லை. குந்தியிருந்து மரத்துப்போன காலை ஊன்றப் பார்க்கிற மாதிரித்தான் இருந்தது. கால் இருக்கிறது, ஆனால் தன்னுடையதாக இல்லை. முதல் மூன்று வருடமும் அவன் கூப்பிட்டான் என்பது ஞாபகம் வந்தது. "கடையில கேட்டுத்தான் பாரேன்" என்றான். "கேட்டேன், தர மாட்டேங்குறாங்க" என்று அவள் சொன்னாள். அவள் கேட்கவே இல்லை. கேட்டால் நான் வேதக்காரி என்று சொல்ல வேண்டும். சொன்னால், அப்போ தீபாவளிக்கு லீவு எடுத்ததெல்லாம் என்ன என்று வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பயந்து, ஒவ்வொரு வருடமும் அது இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

மறுநாள் கடை திறக்கும் முன், பின்பக்க ஸ்டோரில் எல்லோரும் கூடி நின்றார்கள். அட்டைப் பெட்டி மணம். அம்ஹர் வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நத்தார் லீவு, நிரோஷா. இருபத்தி நாலு பின்னேரம் போயி, இருபத்தாறு வந்தாப் போதும். காலையில திறக்கிற நேரம் கமலாக்கா, ஆதிபா. சரிதானே?"

நிரோஷா வஹகோட்டைக்காரி. சிங்களப் பிள்ளை, கடைக்கு வந்துதான் தமிழ் பழகினாள். கடையில் கிறிஸ்தவர் என்று எல்லோருக்கும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வருடா வருடம் செய்வது போலவே மினுங்கல் தாளில் சுற்றிய கேக் துண்டுகளை பிலோமினாவின் கையில் வைத்தாள்.

"கமலாக்கா, அம்மா அனுப்பினது. அக்கா இங்க நிக்கிறதாலதான் நான் பூசைக்குப் போறது. எங்க அம்மா ஒங்களுக்காக வேண்டிக்கிறாங்க, தெரியுமா?"

"தெரியும்மா" என்றாள் பிலோமினா.

போன வருடமும் அந்தக் கேக்கை வாங்கினாள். கவுண்டருக்குப் பின்னால் குனிந்து நின்று தின்றாள். நல்ல கேக்தான்.

ஆதிபா முழங்கையால் இடித்தாள். "நீங்களும் நானும்தான் ஜோடி. பாட்டுக்கு ஆட்டம் ஒண்ணு போடுவோமா? தொப்பிய மறக்காம கொண்டு வாங்க, பிலோமினாக்கா!"

பகிடிக்குத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்ஹரும் சிரித்தார். "அது யாரு பிலோமினா?"

பிலோமினா சிரிக்கவில்லை. கையிலிருந்த கேக் பொட்டலத்தைப் பார்த்தாள். அது கனமாக இருந்தது. நேற்றிலிருந்து அவளுக்குத் தெரிந்த முதல் கனம் அதுதான். பெஞ்சில் படுத்துக் கிடக்கிற கறுப்புக் குடையைப் பார்த்து ஒரு மனுஷன் கைகூப்புவது கண்ணுக்குள் வந்தது.

"நான்தான் சேர்" என்றாள்.

"என்னது?"

"பிலோமினா. அது என் பேரு. கல்யாணத்துக்கு முந்தி ஞானஸ்நானம் எடுத்தப்ப வச்சது. ஐடென்டிட்டியில மாத்தல."

ஆதிபாவின் சிரிப்பு பாதியில் நின்றது. நிரோஷா அவளையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்ஹர் பட்டியலில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அப்போ தீபாவளிக்கு நான் லீவு தந்தேனே, கமலாக்கா? ஏழு வருஷமா?"

"தந்தீங்க சேர். நான் எடுத்தேன். சொல்லாம எடுத்தது பிழை. இனித் தர வேணாம், நான் வந்து நிக்கிறேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." அவர் முகத்தில் கோபமா வருத்தமா என்று அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

"அப்போ நான்?" என்றாள் நிரோஷா மெதுவாக.

"நீ போம்மா. ஒன் லீவ நான் கேக்கல." தொப்பி நழுவிக் கண்ணை மறைத்தது. அவள் அதைக் கழற்றி மடித்து, பட்டியலுக்குக் கீழே இருந்த பெட்டியின் மேல் வைத்தாள். குரல் தன்னுடையதுதானா என்று தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை நீங்க ஜும்ஆ தொழுகைக்குப் போயிட்டு வர்றீங்களே சேர், அந்த நேரம் போதும். என் வீட்டுக்காரரு எனக்கு எடம் புடிச்சி வச்சிருக்காரு. நத்தாரன்னிக்குக் காலப் பூசைக்குப் போக எனக்கு லீவு வேணும்."